ரீச்சர் பாடுகிற இடம்

கடவுள் எனக்குத் தொண்டையைத் தந்தபோது அளவு பார்க்கவில்லை. ஊர்காவற்றுறையில் நான் சங்கீத வகுப்பெடுத்தால் துறைமுக ஜெட்டியில் வள்ளம் கட்டுகிறவர்களுக்கும் சுரம் பாடமாகிவிடும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பகிடியைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதில் அந்த நாளில் என்னை வெல்ல ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் சங்கீதம் படிப்பித்த நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு சங்கம் வைத்திருந்தோம். மாதம் ஒருமுறை, பஸ்ஸும் லோஞ்சுப் படகும் ஓடினால், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவோம். தலைவர் காரைநகர் வயலின் மாஸ்டர். வில்லைவிட அவருக்கு நாக்கு நீளம். ஒருவருக்குத் தந்தி அறுந்தால் இன்னொருவர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுப்பார். மிருதங்கம் இல்லாத ஊருக்கு மிருதங்கக்காரர் சைக்கிளில் போய் வாசித்துவிட்டு வருவார். இதெல்லாம் எனக்கு நன்றாகப் பிடிக்கும். பிடிக்காத வழக்கம் ஒன்றிருந்தது. பரீட்சைக்கு முன்னர் ஒருவருடைய பிள்ளைகளை மற்ற ஆசிரியர்கள் இருந்து கேட்பார்கள். படிப்பித்தவர் பின் வாங்குப் பலகையில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். என்னுடைய பிள்ளைகளைக் கேட்க இவர்கள் யார் என்று நான் சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டே வந்தேன்.

அந்த வருடம் தப்ப முடியவில்லை. அல்லைப்பிட்டியிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி என்னிடம் மூன்று வருடமாகப் படித்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். ஒருநாள் தாய் வந்து நின்றார்.

"ரீச்சர், இந்தமுறை பாஸ் பண்ணினால் படிக்கட்டும். இல்லாட்டித் தையல் வகுப்புக்கு விடப்போறம். பாட்டுக்கும் தையலுக்கும் சேத்து அனுப்ப எங்களுக்கு ஏலாது."

பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து போயிருந்தது. அவளுக்குப் பாட்டென்றால் உயிர். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் இருக்கிறன், பயப்பிடாதையுங்கோ" என்றேன். நான் இருப்பதுதான் கரைச்சல் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவளுக்காகத்தான் அந்தப் பின் வாங்கில் போய்க் குந்தினேன். பிள்ளை வர்ணத்தைத் தொடங்கினாள். சுருதி சுத்தம், தாளம் சுத்தம். நான் மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தேன். சுரம் படியேறி மேல் சட்ஜத்துக்குப் போகிற இடம் வந்தது. பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். கை மட்டும் தாளம் போட்டது. சுரம் கீழே இறங்குகிற இடத்தில் மறுபடி தொடங்கி, ஒன்றும் நடக்காதது போலப் பாடி முடித்தாள்.

நயினாதீவிலிருந்து வருகிற வீணை அக்கா கேட்டார். "ஏன் பிள்ளை, மேலை பாடேல்லை?"

"அது ரீச்சர் பாடுற இடம்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் எரிந்தது. "அவளுக்கு இண்டைக்குத் தடிமன், தொண்டை கட்டிப்போச்சு" என்று எழும்பினேன். மாஸ்டர் என்னுடைய அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். அவளும் அதே இடத்தில் வாயை மூடினாள். அதற்கடுத்தவளும் அப்படித்தான்.

"எல்லாருக்கும் ஒரே தடிமனோ?" என்றார் மாஸ்டர்.

"நான் சும்மா எடுத்துக் குடுக்கிறனான், மாஸ்டர்."

"நீர் எங்கை குடுத்தனீர்? நீரே வைச்சிருக்கிறீர்."

கூட்டம் முடிந்ததும் அழுகையை அடக்கிக்கொண்டு சுருதிப்பெட்டியை மூடினேன். வீணை அக்கா பக்கத்தில் வந்து சின்ன ஓலைப்பெட்டியில் பனைவெல்லம் இறுகின ஒரு பனங்கட்டிக் குட்டானை என் மடியில் வைத்தார். "பிள்ளையளுக்கு முந்தித் தான் பாடுற உந்த வருத்தம் எனக்கும் இருந்தது. இனிப்பு வைச்சுப் பாத்தனான், அது கடகடவெண்டு கரைஞ்சு போம். பனங்கட்டிதான் சரி. வகுப்புத் தொடங்க ஒரு துண்டை வாய்க்குள்ளை வையும். கடிக்கக் கூடாது, கண்டீரோ."

சொன்னதோடு விடவில்லை. பரீட்சை வரைக்கும் சனிக்கிழமைகளில் லோஞ்சில் வந்து, பஸ் பிடித்து, என் வகுப்பு மூலையில் காவலுக்கு இருந்தார். நான் வாய் கிழியச் சிரித்தாலே சந்தேகமாகப் பார்ப்பார். ஒரு வாய்க்குள் பனங்கட்டியும் பெருமையும் சேர்ந்து இருக்க இடமில்லை. இடது கடைவாய்ப் பல் அந்த மாதத்தில்தான் போனது. முதல் வகுப்புகளில் அந்த மேல் இடத்தில் யாருமே பாடவில்லை. சுருதிப்பெட்டி மட்டும் தனியாக முனகியது. எத்தனை தரம் பனங்கட்டியைத் துப்பிவிட்டுப் பாய்ந்து பாடலாமா என்று நினைத்தேன்! பிறகு ஒருநாள் அல்லைப்பிட்டிப் பிள்ளையிடமிருந்து கீச்சென்று ஏதோ வந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

பரீட்சை யாழ்ப்பாணத்தில். பிள்ளை பாஸ். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போலத் தவிப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

பரீட்சை அறையின் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் விறாந்தையில், பெரியதொரு பனங்கட்டித் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றேன். வீணை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே வர்ணம் படியேறியது. என் தொண்டை தானாக எழும்பியது. அக்கா நகம் பதிய நுள்ளினார். அதற்குள் அந்த மேல் சட்ஜம் வந்துவிட்டது. கணீரென்று, அசையாமல், கதவையும் தாண்டி வந்து நின்றது. மூன்று வருடம் படிப்பித்த எனக்கு அந்தக் குரலைத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் நிறையப் பனங்கட்டியோடு அழுவது பார்க்க வடிவாக இராது.

பிள்ளை வெளியே வந்தாள். முகத்தில் சந்தோசம் இல்லை. நேரே என்னிடம் வந்து, பயந்த குரலில் கேட்டாள்.

"ரீச்சர், வெளியிலை நிண்டு பாடினனீங்களோ?"

என்னால் கதைக்க ஏலவில்லை. அத்தனை தாய்தகப்பன்மாருக்கு நடுவே வாயை ஆவென்று திறந்து காட்டினேன். பனங்கட்டி கொட்டைப்பாக்களவில் அப்படியே இருந்தது. அவள் குனிந்து வடிவாக உள்ளே பார்த்தாள்.

"அப்ப அது நான்தான்" என்றாள்.