பதினோரு மூக்கும் ஒரு ஜலதோஷமும்

பதினோரு பிள்ளைகள் வராந்தாவில் "அம்மோனியம்!" என்று கூவினார்கள். அம்மோனியம் உப்பை நான் இரண்டு பேருக்குத்தான் கொடுத்திருந்தேன்.

லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், மட்டாஞ்சேரியில் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு டெஸ்ட் டியூபில் உப்பு. என்ன உப்பு என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். யாருக்கு எது என்பது எனக்கும், வைப்பின் பள்ளியிலிருந்து தேர்வு நடத்த வந்த எக்ஸ்டெர்னல் மேடத்துக்கும் மட்டும் தெரியும். நான் வாய் திறக்கக் கூடாது.

அன்று பார்த்துக் கரண்ட் போய் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றது. அம்மோனியம் கிடைத்த இருவரும் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிச் சூடாக்கியதும் அறை முழுக்க அமோனியா நெடி. மற்றவர்களும் தத்தம் டியூபை முகர்ந்தார்கள், ஒருத்தி தவிர எல்லாரும் அம்மோனியம் என்றே எழுதிவிட்டார்கள்.

பேப்பரைக் கொடுத்துவிட்டு, வாய்மொழித் தேர்வான வைவாவுக்குக் காத்திருந்தபோது கொண்டாட்டம் தொடங்கியது.

"எடா, எனக்கும் அம்மோனியம்!"

"எனக்கும்! அடிபொளி! எல்லாருக்கும் ஒண்ணுன்னா எப்படிடா தப்பாகும்?" ஷமீர் குதித்தான்.

நந்தினி மட்டும் தூணோரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காய்கறிக் கடை முருகேசனின் மகள். மூன்று நாளாக ஜலதோஷம்.

"எனக்கு அலுமினியம் வந்துச்சு" என்றாள்.

"அய்யோ, போச்சு! எடீ, வைவாவுக்கு உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. தெரியாம எழுதிட்டேன், அம்மோனியம்தான்னு மாத்திச் சொல்லு" என்றான் ஷமீர்.

பதினொன்றுக்கு ஒன்று. அவள் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், மாத்திச் சொல்லட்டுமா?"

விடை என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "மூக்கைச் சிந்திட்டுப் போம்மா" என்றேன்.

கதவருகே நின்று காதைத் தீட்டினேன்.

"வெளியே எல்லாரும் அம்மோனியம்னு கத்துறாங்க. நீ மட்டும் அலுமினியமா?" என்றார் மேடம்.

ஒரு தும்மல். பிறகு அவள் குரல். "மேடம், எனக்கு ஒரு மணமும் கிட்டலை. ஆனா லிட்மஸ் விட்டுப் பார்த்தப்போ நீலமா ஒரு படிவு மிதந்துச்சு, அது அலுமினியத்துக்குத்தானே வரும். கண்ணால கண்டதை எப்படி மாத்துறது?"

மேடத்தின் சிரிப்பு வெடித்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"மணி சேட்டா, இனி சொல்லலாம். எத்தனை பேருக்கு அம்மோனியம் கொடுத்தீங்க?"

"ரெண்டு பேருக்கு மேடம்."

வராந்தாவில் பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் விரல் விட்டு எண்ணினார்கள்.

"செய்முறைக்கு மார்க் உண்டு" என்றார் மேடம். "மூக்குக்குக் கிடையாது."

"அப்போ நந்தினிக்கு?" என்றான் ஷமீர்.

"அவளுக்கு எல்லாத்துக்கும் உண்டு."

அழப்போகிறார்கள் என்று பயந்தேன். ஷமீர்தான் முதலில் சிரித்தான். அடுத்த நொடி பன்னிரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வைவா முடிந்ததும் நந்தினியைச் சர்பத் கடைக்கு இழுத்துப் போனார்கள். பாவம், ஜலதோஷக்காரிக்கு ஐஸ் போட்ட சர்பத்!

தொல்லை அதோடு விடவில்லை. சரியாக எழுதிய அந்த இருவர் யார் என்று தெரியாதே! சர்பத் குடித்த கையோடு, யூதர் தெருவான ஜூ டவுன் திருப்பம் வரை என் பின்னால் வந்து, பதினோரு பேரும் தனித்தனியாக, ரகசியமாகக் கேட்டார்கள்: "அங்கிளே, அந்த ரெண்டுல ஒண்ணு நான்தானே?" பதினோரு முறையும் வானத்தைப் பார்த்தேன்.

கடைசியாக வந்தவள் நந்தினி. "நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம் அங்கிள். எனக்குத் தெரியும்" என்று சொல்லி, நிம்மதியாக ஒரு தும்மல் போட்டாள்.

லேப் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு: அம்மோனியம் கிடைப்பவர்களை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். தேர்வு முடிந்தால் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுங்கள்.