பொய்யாக உட்கார்ந்த மூன்று நாள்

எழுபதுகளில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் டிரில் டீச்சராக இருந்தேன். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, விடியற்காலையில் கொளவாய் ஏரிக்கரையில் ஓடுகிற மருமகளை எந்த மாமியாருக்குப் பிடிக்கும்? என் அத்தைக்கும் பிடிக்கவில்லை. கல்யாணமான மறு வருஷம் என் முதல் கரு இரண்டாம் மாதத்திலேயே கலைந்தபோது, நான் ஓடி ஓடியே அதைத் தொலைத்துவிட்டேன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்?

கணவர் ராணுவத்தில் இருந்தார். அடுத்த பொங்கலுக்கு லீவில் வந்துவிட்டுப் போனார். அந்த மாதமே எனக்கு நாள் தள்ளிப்போனது.

எங்கள் வீட்டில் இதை மறைப்பது லேசு இல்லை. மாதவிலக்கானால் ‘தூரம்’ என்று சொல்லிப் பின்கட்டில் மூன்று நாள் தனியாக உட்கார வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, யாரையும் தொடக்கூடாது. பள்ளிக்குக்கூடப் பின்வாசல் வழியாகத்தான் போவேன். ஒரு மாதம் உட்காரவில்லை என்றால் வாயைத் திறக்காமலே ஊருக்குச் செய்தி போய்விடும். அப்புறம் வேலையை விடு என்பார்கள், ஓட்டத்தை விடு என்பார்கள். அத்தனையும் விட்ட பிறகும் கலைந்துபோனால் பழைய பேச்சை மறுபடி கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

ஒரு வாரம் பார்த்தேன். பிறகு, நான் தூரம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். கறையே இல்லாத துணியைத் துவைத்துக் கொடியில் வேறு போட்டேன். சாமி குத்தம் என்றால் வந்து கேட்கட்டும் என்கிற திமிர் எனக்கு அப்போது இருந்தது. இப்போதும் அது குறையவில்லை. வாந்தி வராதது என் அதிர்ஷ்டம்.

பின்கட்டில் வேறு வேலை இல்லாததால் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்க ஆரம்பித்தேன். ஓடிப் பழகிய உடம்புக்கு நாடி நிதானமாக அடிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த நிதானத்தைக் காணோம். பாயில் சும்மா படுத்திருக்கும்போதே மாடிப்படி ஏறினவளுக்கு அடிப்பதுபோல் அடித்தது. பயந்தால் இன்னும் கூடியது. கூடியதைப் பார்த்து இன்னும் பயந்தேன். வேண்டாம் என்று கையை மடக்கி வைத்தாலும் சற்று நேரத்தில் விரல் தானாக அங்கேயே போய் நின்றது.

நாலாம் நாள் பள்ளியிலிருந்து நேராக லேடி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். வயிற்றில் பிள்ளை தங்கினால் தாயின் இதயம் கூடுதலாகத்தான் உழைக்கும், நாடி கூடுவது இயல்பு என்றார் அவர். வேறு யாராவது என்றால் ஓடவே கூடாது என்றிருப்பார்கள். இவர் அப்படிச் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் ஓடுகிறவள் மெதுவாக ஓடலாம், புதிதாக ஆரம்பிப்பதுதான் கூடாது என்றார். வெயில் வேண்டாம், மணல் வேண்டாம், பந்தயம் வேண்டவே வேண்டாம். நாடிக்கு ஓர் எல்லையும் சொன்னார்.

“எண்ண முடியலைன்னா பேசிப் பாரும்மா. ஓடிக்கிட்டே ஒரு வாக்கியம் முழுசா பேச முடியணும். திணறினா நடந்துடு. துளி ரத்தம் பட்டாலும் உடனே இங்க வரணும்.”

அதன் பிறகு ஏரிக்கரையில் ஓடும்போதெல்லாம் அத்தையிடம் கேட்க முடியாததையெல்லாம் காற்றிடம் கேட்டுச் சண்டை போட்டேன். சண்டை மூச்சு வாங்காமல் முடிந்தால் வேகம் சரி. நல்ல சண்டைகளாகத்தான் போட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கதவைச் சாத்திக்கொண்டு புடவையைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பேன்.

அடுத்த மாதமும் பொய்யாகத் தூரம் உட்கார்ந்து எழுந்தேன். இரண்டு வாரம் போயிருக்கும், பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனோம். கடற்கரையில் பெண்களுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கச் சொன்னார் தலைமையாசிரியை. நான் விசில் ஊதுவதோடு நின்றேன். ஓடிய வேகத்தில் நாலைந்து பேர் கோட்டைத் தாண்டி நேராக அலைக்குள் போனார்கள். ஊதிப் பார்த்தேன், காதில் வாங்கவில்லை. யோசிக்க நேரமில்லை. வெயிலில், கால் புதைகிற மணலில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவர்களைக் கரைக்கு இழுத்து வந்து திட்ட வாயைத் திறந்தால் ஒரு வார்த்தைகூட வரவில்லை. சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து நாடி பிடித்தேன். எண்ண முடியாத வேகத்தில் அடித்தது.

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ்ஸில் ரத்தத்தின் ஈரம் தெரிந்தது.

வெள்ளைப் புடவை எதையும் மறைக்காது. வாசலிலேயே அத்தை பார்த்துவிட்டார். இந்த மாதம் முன்னாலேயே வந்துவிட்டதா என்று சாதாரணமாகக் கேட்டு, பாயை எடுத்துப் பின்கட்டில் போட்டார். டாக்டரிடம் ஓட வேண்டியவள், நானே கட்டிய பொய்க்குள் போய் உட்கார்ந்தேன். எனக்குள் ஒரு உயிர் போகிறதோ என்று நடுங்குகிறேன், வீட்டில் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. அத்தை சொம்போடு வந்து, மேலே படாமல் எட்ட நின்று என் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

“அத்தே, இது தூரம் இல்ல. எனக்கு மூணாவது மாசம்.”

ஊற்றிய கை நின்றது. “அப்போ போன தபா உட்காந்துகினு இருந்தியே, அது இன்னாடி?”

“பொய்.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு வந்து, தொடக்கூடாத என்னை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். தூரமானவள் நடக்கவே கூடாத சாமி அறைப் பக்கமாக நடத்தி, வாசலுக்குக் கூட்டிப்போய் ரிக்‌ஷாவில் ஏற்றினார். டாக்டர் வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். கருப்பை வாய் மூடியிருக்கிறது, தங்கலாம், தங்காமலும் போகலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஓடியதால்தான் இது வந்தது என்று சொல்ல மாட்டேன் என்றார். முதல் கருவும் ஓட்டத்தால் போயிருக்காது என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். அத்தை தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து என்னைத் தன் கட்டிலில் படுக்கவைத்தார். விளக்கேற்றும் நேரம் தாண்டியும் விளக்கேற்றவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர், என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“உன் புருசனுக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சுடி. நான் எங்க ஓடினேன்? வூட்டு வாசப்படி தாண்டினது இல்ல.”

நான் அழுதேன். அவரும் அழுதார். மறுநாள் ரத்தம் குறைந்து, இரண்டு மூன்று நாளில் நின்றது. ஐப்பசி மழையில் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு என் ஓட்டத்தைப் பற்றித் தெருவில் யாராவது வாயைத் திறந்தால், முதலில் சண்டைக்குப் போனது அத்தைதான்.