கோடு சாரும் நாற்பத்தாறும்

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விடைத்தாளை மூக்கருகே பிடித்து, வாசனை பார்ப்பவர்போல ஒவ்வொரு குறியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கணினி அரை நிமிடத்தில் சொல்லி முடித்ததை அவர் மூன்று நாள் படிப்பார். தேர்வு ஆய்வு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கோடு சார். நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

பிள்ளைகள் எழுதிய வாசிப்புத் தேர்வைக் கணினி அலசி, ஆளுக்கோர் எண் தரும்: தனி உதவி தேவைப்பட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் ஓராண்டுக்குத் தனி ஆசிரியர். கீழே என்றால் இல்லை. கோட்டை ஐம்பதில் போட்டவர் இவர்தான். அதை ஒட்டி நிற்பவர்களை "வாசப்படியில நிக்கிற பசங்க" என்பார். அவர்கள் தாள்கள் மட்டும் தனிக் குவியலாக மேசையில் கிடக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். "தக்காளி பொறுக்கித் தாங்கன்னா நல்லது ஒண்ணு, அழுகினது ஒண்ணு, 'யோசிக்கணும்'னு மூணாவதா ஒண்ணு. இவர் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுவும் அழுகிப்போச்சு," என்று மனைவி சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு. எந்தப் பிள்ளையையும் கையால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றக் கூடாது. சிபாரிசுகள் வந்து குவிந்த காலத்தில் அந்த விதியை எழுதியவரே அவர். சொந்த மைத்துனர் மகனுக்காக வந்து நின்றபோது, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். மைத்துனர் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்ற வாரம் அந்த விதி அவர் கழுத்தையே பிடித்தது. ஒரு சிறுமியின் தாள், எண் நாற்பத்தாறு. படம் போட்ட கேள்விகள் எல்லாம் சரி. நீண்ட பத்தி தொடங்கிய இடத்திலிருந்து கடைசிவரை எல்லாக் கேள்விக்கும் இரண்டாவது விடைக் கட்டத்திலேயே குறி. ஏழு இடங்களில் குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது. அந்த ஏழும் சேர்ந்துதான் அவளைக் கோட்டுக்குக் கீழே தள்ளியிருந்தன. அவள் அந்தப் பத்தியைப் படிக்கவே இல்லை.

தனி ஆசிரியர் கிடைக்கும் பிள்ளைகளின் பட்டியல் நாலு மணிக்குள் போயாக வேண்டும். கையெழுத்துப் போடாமல் இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனார். கோட்டை நாற்பத்தைந்துக்கு இறக்கலாம் என்றார். நாற்பத்தொரு பிள்ளைகள் கூடுவார்கள்.

"ஒரு பொண்ணுக்காகவா சார்? அவளை மட்டும் சேர்த்துடுங்களேன். நான் கண்டுக்கலை."

"பிள்ளைய நகர்த்த மாட்டேன் மேடம். கோடு நாம போட்டதுதானே, அதை நகர்த்தலாம்."

அந்த நாற்பத்தொரு பேரில் பாதிக்கு மேல் உதவியே தேவைப்படாது, உங்கள் கணக்கே அப்படித்தானே சொல்கிறது என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம் என்று இவர் ஒத்துக்கொண்டார்.

"தேவையில்லாத பிள்ளைக்கு டீச்சர் கெடைச்சா ஒரு வருஷம் கொட்டாவி விடும். தேவைப்படுறதுக்குக் கெடைக்கலைன்னா..."

இத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது, மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று இயக்குநர் அம்மா கேட்டார். கோடு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிறுமியின் தாளை இயக்குநர் பக்கமாகத் திருப்பி வைத்து, பத்தி தொடங்கும் இடத்தில் ஆள்காட்டி விரலை ஊன்றினார். எடுக்கவில்லை.