கூட்டேரிப்பட்டு – மயிலம் சாலையில் ஒரு விசில் ஓட்டம்

அரை மாரத்தானில் பதினைந்தாவது கிலோமீட்டர் தாண்டினால் எனக்குக் கால் இறுகிவிடும். இரண்டு முறை மிச்சத்தை நடந்தே முடித்தேன். ஒரே சீராக ஓடிப் பழகியதுதான் கோளாறு என்று தோழி ஒருத்தி கலப்பு இடைவேளைப் பயிற்சியைச் சொல்லித் தந்தாள். மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது ஓட்டம், ஒரு நிமிடம் தலைதெறிக்கும் ஓட்டம், திரும்பவும் மெது. இப்படி வேகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால், மூச்சு வாங்கும்போதும் நிற்காமல், ஓடியபடியே தேறிக்கொள்ள உடம்பு பழகிவிடுமாம்.

விழுப்புரத்தில் எங்கள் தெருவில் அது நடக்காது. பாதி ஓட்டத்தில் யாராவது நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். ஆகவே 2014 செப்டம்பரில் ஒரு ஞாயிறு, சர்ச் பூசையை மாலைக்குத் தள்ளிவிட்டு, நானும் கணவர் சேவியரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். திண்டிவனம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஆறரைக்குக் கூட்டேரிப்பட்டில் இறங்கி, மயிலம் சாலையில் ஓடத் தொடங்கினேன்.

கடிகாரத்தைப் பார்த்து ஓடினால் தடுக்கி விழுவேன். அதனால் சேவியர் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து விசில் ஊதுவதாக ஏற்பாடு. ஒரு சுற்று நன்றாகப் போனது. அடுத்த சுற்றில் தலைதெறிக்க ஓட விசில் வந்தது, ஓடினேன். நிறுத்த விசில் வரவேயில்லை. என் திறமையைச் சோதிக்கிறார் என்று நினைத்து, கண் இருட்டும்வரை ஓடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளையே காணோம்.

திரும்பி வந்தேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்க வந்த நான்கு பெண்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். வண்டிச் சாவி அவர்களில் மூத்தவர் கையில் இருந்தது.

"எதுக்குய்யா அந்தப் பொண்ணத் தொரத்திக்கினு வர்றே?"

"நான் அவ வூட்டுக்காரனுங்க. விசிலு ஊதத்தான் வந்தேன்."

"நீ ஊதினா அவ ஏன் பயந்துக்கினு ஓடுறா?"

நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பயிற்சியை விளக்கினேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவரு ஓட மாட்டாரா?"

"மாட்டாருக்கா. ஊதறது மட்டுந்தான்."

"அப்ப சாவிய நீயே வச்சிக்கோம்மா," என்று என் கையில் கொடுத்தார். பச்சை மல்லாட்டையும் ஒரு கை அள்ளித் தந்தார்.

டிசம்பரில் புதுச்சேரியில் ஓடினேன். பதினைந்தாவது கிலோமீட்டரில் வழக்கம்போல் கால் இறுகியது. வேகத்தைக் குறைத்தேன், ஓடியபடியே தேறினேன், மறுபடி வேகமெடுத்தேன். முதல்முறையாக ஓரடி கூட நடக்காமல் முடித்தேன். எல்லைக் கோட்டருகே சேவியர் முன்பின் தெரியாத ஒருவரிடம், "கோச்சிங் நம்மளுதுதான் சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்கு மேல் அந்தச் சாலையில் வெயில் தாங்காது. தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். ஓடி முடித்து மயிலம் மலைக்கோயில் ஏறலாம், கால் சம்மதித்தால். துணைக்கு வருபவரை மட்டும் முன்னால் போகச் சொல்லுங்கள்.