அம்மா பிடித்து நடந்த வேலி

வேலியில் ரத்தம் இருந்ததை முதலில் பார்த்தது நான்தான். அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுடைய வலது கையில் உணர்ச்சி இல்லை. துரு கிழித்த உள்ளங்கையோடு நடந்து முடித்து, நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடலோர ஊரான தலத்தெருவில், வீட்டின் பக்கவாட்டில், கேட்டிலிருந்து முருங்கை மரம் வரை ஓடும் இரும்பு வேலி அது. இடுப்பு உயரம். மேலே ஒரு குழாய், அதன் கீழ் நெருக்கமாகக் கம்பிகள். வலது கையால் எதையாவது பிடித்துத் தினமும் நடக்க வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா தன் தோளைக் கொடுத்துப் பார்த்தார்.

"ஒங்க தோளப் புடிச்சா நீங்கதான் நடக்குறீங்க. நான் எங்க நடக்குறேன்?" என்று அம்மா வேலிக்குப் போய்விட்டாள்.

இரும்பின் மேல் அடித்த பெயிண்ட் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது சென்னையில் என் வேலை. சொந்த வீட்டு வேலி துருப்பிடித்துக் கிடந்தது. என் விடுமுறை முடிவதற்குள், மழை பிடிப்பதற்குள், அம்மாவின் நடை நிற்காமல் அதை முடிக்க வேண்டும். மூன்றில் எது முதலில் கைவிடும் என்றுதான் மனம் ஓடியது.

வேலியைப் பாதியாகப் பிரித்தேன். கேட் பக்கம் காயும்போது அம்மா மரத்துப் பக்கம் நடப்பாள், பிறகு மாற்றிக்கொள்ளலாம். அப்பாவிடம் வரிசையைச் சொன்னேன்: துருவைத் தேய்ப்பது, கடற்காற்றின் உப்பைக் கழுவுவது, காய்ந்த உடனே அடிப்பூச்சாகப் பிரைமர், அப்புறம் அதன் மேல் எனாமல். அடியில் உப்பு தங்கினால் பெயிண்ட் கொப்புளித்து உரியும். உரிந்த விளிம்பும் கையைக் கிழிக்கும்.

"ஒன் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ சடங்கு இருக்காது போலருக்கு" என்றார் அப்பா.

"அதுக்கு மாப்ள வேணும். வேலியாச்சும் கைவசம் இருக்கு" என்றாள் அம்மா.

கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு கேட் பக்கத்தைப் பளபளப்பாக்கினோம். மறுநாள் காலை நான் பிரைமர் வாங்கித் திரும்பியபோது அப்பா மோட்டாரைப் போட்டு, டியூபைப் பிடித்து, ஒரு கம்பி விடாமல் கழுவி முடித்திருந்தார். காயும் இரும்பில் மெல்லிய வெள்ளை படர்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

மோட்டார் நிலத்தடியிலிருந்து இறைக்கும் எங்கள் போர் தண்ணீர் உப்பு; அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் காலையில் சற்று நேரம் வரும் தெருக்குழாய்த் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். இந்தத் தெருவில் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை.

"உப்பு போகத்தானேப்பா கழுவச் சொன்னேன்?"

"குடிக்கிற தண்ணியிலயா வேலியக் கழுவுவாங்க?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு டியூபைச் சுருட்டினார்.

அதற்குள் தெருக்குழாய் நின்றுவிட்டது. மதியத்துக்குள் வெறும் இரும்பில் செம்மஞ்சள் பூத்தது. கடல் பக்கம் மேகம் திரண்டது. நான் கணக்கில் எடுக்காத ஒன்றும் இருந்தது. பாதி வேலியில் நடந்தால் அடிக்கடி திரும்ப வேண்டும். திரும்பும்போதுதான் அம்மா தடுமாறுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் என் கைகள் தாமாக நீண்டன. "நீ இப்படி வந்து நின்னா எனக்கு விழுந்துருவமோன்னு இருக்கு, தள்ளிப் போ" என்றாள்.

மறுநாள் குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் குடத்தை அப்பாவே வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனார். "சோத்த இன்னைக்குக் கடையில பாத்துக்கலாம்." பூத்திருந்த துருவை நான் மறுபடி தேய்க்க, அவர் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார்.

பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வேலிக்கு அபிஷேகமா?"

"ஆமாம்மா. தீபாராதனைக்கு வந்துருங்க."

கேட் பக்கம் முடிந்து, மரத்துப் பக்கத்துக்குக் கடைசிப் பூச்சு அடித்த மாலை தூறல் விழுந்தது. தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தபடி நானும் அப்பாவும் எதிரெதிரே நின்றோம். தூறல் வலுக்காமல் விட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அம்மா முழு வேலியையும் பிடித்து நடந்தாள். உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போனது. நடுவழியில் நின்றாள்.

"இங்க என்னமோ சொரசொரங்குது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு மணல் துகள் பெயிண்டில் ஒட்டிக் காய்ந்திருந்தது. வேலையிடத்தில் என்றால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். துரு இந்த மாதிரி இடத்தில்தான் தொடங்கும். அப்பா உப்புத்தாளை எடுத்து வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எந்தக் கையிலம்மா தெரிஞ்சுது?"

அம்மா குழாயின் மேலிருந்த தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "அதத் தேய்க்காதீங்க. கண்ணால பாத்துட்டுச் சொன்னனோ என்னமோ" என்றாள்.

மெதுவாகக் கேட்டுக்குத் திரும்பிப் போனாள். குழாயைப் பிடித்துக் கண்களை மூடிக்கொண்டாள். பிடிக்காமல், ஆனால் பிடிக்கிற தூரத்தில், நான் பின்னால் நடந்தேன். அப்பா உப்புத்தாளோடு நின்ற இடத்திலேயே நின்றார். மணல் இருந்த இடம் நெருங்கியது.

அவள் கை நின்றது.

"இதோ" என்றாள்.