சோலையண்ணன் நட்ட முடி

எண்பத்துநாலில், போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போன ஜீப்புகளில் சோலையண்ணனுடையதுதான் முதலில் நிறையும். தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்த்த எனக்குப் பின்பக்கம் கடைசி இடம். பெண்களின் சேலைகளில் பச்சை ஏலக்காய் வாசம் ஊறிக் கிடக்கும். அண்ணனுக்கு முன்னந்தலையில் முடி கிடையாது. வளைவுகளில் காற்று தலையில் கட்டிய துண்டைத் தூக்கினால் ஒரு கை ஸ்டீயரிங்கை விட்டுத் தலைக்குப் போய்விடும். பெண் பார்க்கப் போன வீடுகளிலும் அவர் துண்டை அவிழ்த்ததில்லை.

அந்த ஆவணியில், வண்டிக்குச் சாமான் வாங்குவதாகச் சொல்லி மெட்ராஸ் போனவர் தலையில் கட்டோடு திரும்பினார். கேட்டவர்களிடம், ராத்திரியே வந்து சாமானை மாட்டி வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது வளைவுப் பாறையில் மோதி மண்டை உடைந்தது என்றார்.

வேறு எந்தப் பொய்யும் சொல்லியிருக்கலாம். மலைப்பாதையில் ரத்தம் பார்த்த வண்டி என்றால், அடிவாரக் கருப்பசாமிக்குச் சேவல் அறுக்காமல் யாரும் ஏறமாட்டார்கள். அறுத்துவிடு அப்பு, ஏறிக்கிறோம் என்று காய் பறிக்கும் பெண்களுக்குத் தலைவியான மருதாயி அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். இல்லாத விபத்துக்குக் கருப்பன் முன்னால் கத்தி எடுக்க அண்ணனுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்று நாளை என்று தள்ளினார். பெண்கள் கோட்டைச்சாமியின் ஜீப்புக்கு மாறினார்கள். நானும் மாறினேன். காலி வண்டியில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே போவோம்.

தையல் பிரிக்கும் நாளன்று, வெளியே சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கையில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கம்பவுண்டர் கட்டை அவிழ்த்து, பிடரியில் குனிந்து ஒவ்வொரு முடிச்சாக வெட்டி இழுத்தார். கறுப்பு நூல்கள் தட்டில் எறும்புகள் மாதிரி விழுந்தன. பாறையில் மோதினால் கோடு போட்டாற்போலவா கிழியும் என்று கேட்டார். 

இருமல் மருந்துக்கு வந்திருந்த மருதாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்ன அப்பு, முன்னாடி நாத்து நட்டாப்புல புள்ளி புள்ளியா இருக்கு?”

அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடியெல்லாம் படலை ஆத்தா. மெட்ராஸ்ல பின்னாடி இருந்து முடிய எடுத்து முன்னாடி நட்டிருக்காக. ஊருக்குப் பொய் சொல்லிட்டேன். கருப்பன்கிட்டச் சொல்ல முடியலை.”

மருதாயி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

“ஏலம் மூணாம் வருசம் காய்க்கும். இது எப்பவாம்?”

“ஆறு மாசம்ங்கிறாரு டாக்டரு.”

“சரி, காலைல வெரசா வண்டியக் கொண்டா. கோட்டைச்சாமி வண்டியில இடுப்பு ஒடியுது.”

மறுநாள் ஜீப்பு நிறைந்தது. மேடு ஏறும்வரை சிரிப்புதான். வெயில் பட்டால் கருகிவிடும், நிழல்மரம் வை என்றாள் ஒருத்தி. களை எடுக்க எங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அண்ணனும் சிரித்தார்.

மெட்டுக்கு முந்தின வளைவில் காற்று துண்டைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தது. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.