பின் சீட்டுப் பேச்சு

நைட் டியூட்டி முடித்து வீடு போய்ச் சேருவதுதான் எங்கள் வேலையிலேயே பெரிய வேலை. வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. "ராத்திரி சும்மா முழிச்சிருக்கதுதானே, நோயாளியெல்லாம் ஒறங்கத்தானே செய்வான்" என்று என் வீட்டுக்காரரின் சித்தி ஒருமுறை சொன்னார். வந்த எரிச்சலில் கையிலிருந்த சாயா டம்ளரை நங்கென்று வைத்தேன். நோயாளி உறங்குவானாம்! ஒரு ராத்திரி வந்து பார்க்கட்டும்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு எனக்கு. அதே வார்டில் என்னைவிட மூத்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் வீடு பூதப்பாண்டிப் பக்கம். அவளுக்கு வண்டி ஓட்ட வராது, அதனால் என் ஸ்கூட்டரில்தான் போய் வருவோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. காலையில் திரும்பும்போது பின் சீட்டில் இருக்கிற அக்கா வீடு வரும்வரை வாயை மூடக் கூடாது. ஓட்டுகிற நான் 'ம்' கொட்ட வேண்டும். பேச்சு நின்றால் அவள் உறங்கிவிட்டாள், 'ம்' நின்றால் நான் உறங்கிவிட்டேன். எது நின்றாலும் வண்டியை ஓரங்கட்டி முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

அக்காவுக்குப் பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும்? "எனக்க மாமியாருக்கு நான் கண்ண மூடுனாத்தான் மிக்ஸி ஞாபகம் வரும், கேட்டியா மக்கா. ராத்திரி ஒரு பாத்திரம் உருளாது. பகல்ல நான் போய்ப் படுக்கணும், தேங்கா அரைக்க ஆரம்பிச்சிருவா" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். என் வீட்டிலும் இதே கதைதானே! கதவைச் சாத்திப் படுத்தால், "நர்சு இருக்காளா, பிரஷர் ஒண்ணு பாக்கணும்" என்று தெருவே வந்து தட்டும்.

போன மழைக்காலத்தில் வார்டிலிருந்து இரண்டு நர்ஸ் பிள்ளைகள் கல்ஃப் வேலைக்குப் போனார்கள். பதிலுக்கு ஆள் எடுக்கவில்லை. எங்கள் நைட் முடிந்தால் அடுத்த நைட், அதுவும் முடிந்தால் இன்னொன்று. சோறு மண்ணாக இருந்தது. மகள் பக்கத்தில் வந்து படுத்தால்கூட எரிந்து விழுந்தேன். அக்கா ஒரே கதையை மூன்று நாள் சொல்லுவாள், நானும் புதிதாகக் கேட்பதுபோல 'ம்' கொட்டுவேன்.

வார்டில் கடைசிக் கட்டிலில் பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் பால் வெட்டுகாரர் ஒருவர் கிடந்தார். வயதானவர். எல்லாரும் தாத்தா என்போம். அக்காவை மட்டும் அவர் மகளைக் கூப்பிடுவதுபோல 'மோளே' என்று கூப்பிடுவார், அவள் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். ஒரு விடியலில் அவர் போய்விட்டார். அக்காதான் கண்ணை மூடி, உடம்பைத் துடைத்து, தாடையைக் கட்டினாள். அழவில்லை. அழ நேரம் எங்கே இருந்தது? காலை டியூட்டிக்கு வந்த பிள்ளைகளிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லி வார்டை ஒப்படைத்துவிட்டு இருவரும் வண்டியில் ஏறினோம்.

புத்தேரி தாண்டும்வரை அக்கா மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "சன்னல் கட்டிலுக்கு டிரிப்பு மாத்தியாச்சு" என்றாள். 'ம்' என்றேன். வழியில் வார்டுக் கதை பேசுவது எங்களுக்கு வழக்கம்தான். "அடுத்த கட்டிலுக்குச் சுகர் பாக்கணும்." 'ம்.' "கடைசிக் கட்டில் தாத்தா நல்லா இருக்காரு. வெள்ளம் குடிச்சாரு. ஒறங்குகாரு, எழுப்பாண்டாம்."

அதற்கும் 'ம்' என்றேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்குத் திக்கென்றது. ஐயோ, அந்த மனுசனைத் துணியில் சுற்றி அனுப்பிவிட்டுத்தானே வருகிறோம்! அக்கா உறங்குகிறாள். உறங்கிக்கொண்டே வார்டை ஒப்படைக்கிறாள். பேச்சு நிற்கவே இல்லை, எங்கள் சட்டத்தில் இதற்கு வழியே இல்லை. என் இடுப்பில் அவள் கை இல்லை. "அக்கா!" என்று கத்தி வேகத்தைக் குறைத்தேன். வண்டி நிற்பதற்குள் அவள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துவிட்டாள்.

வாய்க்கால் கரைச் சேறு என்பதால் தலை தப்பியது. கை முறிந்தது. வயலில் நடவுக்கு நின்ற பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். கண்ணைத் திறந்ததும் அக்கா கேட்டது இதுதான்: "ஏட்டி, நான் பேசிட்டுத்தானே வந்தேன்?"

அடுத்த வாரம் அவளைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டு. முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். "நல்லா ஒறங்குனேன் மக்கா. மிக்ஸி போட்டாலும் தெரியல்ல" என்று சிரித்தாள். எனக்கு அந்த மாவுக்கட்டின் மேல் பொறாமை வந்தது. சீ, நான் இப்படியும் ஒரு பிறவியா என்று அங்கேயே கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் புரிந்திருக்கும். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"இனி பேச்ச நம்பாத, கேட்டியா. கடைசிக் கட்டில் தாத்தா எப்படி இருக்காருன்னு ஒன்கிட்ட நீயே கேளு. செத்துட்டாருன்னு வாயில வந்தா ஓட்டு. வேற என்னமும் வந்தா நிறுத்திரு."

எலும்பு கூடிய பிறகும் அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. நான் தனியாகத்தான் வருகிறேன். புத்தேரி தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள் சத்தமாகக் கேட்பேன், "தாத்தா எப்படி இருக்காரு?" நானே பதிலும் சொல்வேன், "செத்துட்டாரு." ஒரு நல்ல மனுசனின் சாவைத் தினமும் சொல்லித்தான் வீடு போய்ச் சேருகிறேன். பாவம்தான், வேறு வழி தெரியவில்லை.

போன வாரம் ஒரு காலை கேட்டேன். "நல்லா இருக்காரு, ஒறங்குகாரு" என்று என் வாயே சொன்னது.

பதறி வண்டியை ஓரங்கட்டினேன். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் "செத்துட்டாரு" என்று வந்தது. அப்புறம்தான் வண்டியை எடுத்தேன். அன்று ராத்திரியும் எனக்கு டியூட்டி இருந்தது.